செயற்கை மொழியைக் கற்பது: சுருங்கிய இலக்கணமும் விரியும் சொல்லும்

1887 ஜூலையில் வார்சா நகரில் ரஷ்ய மொழியில் ஒரு சிறுநூல் வெளிவந்தது. சுமார் 40 பக்கம். எழுதியவர் லுட்விக் சாமென்ஹோஃப் என்ற 27 வயதுக் கண் மருத்துவர். நூலில் தம் பெயரைப் போடாமல் 'டாக்டர் எஸ்பெராந்தோ' என்ற புனைபெயரைப் போட்டிருந்தார். பின்னால் அதுவே அவர் உருவாக்கிய மொழிக்குப் பெயராயிற்று. உள்ளே 16 இலக்கண விதிகள், 900 அளவில் வேர்ச்சொற்கள், சில மொழிபெயர்ப்புகள், சில கவிதைகள். கூடவே வெட்டி அனுப்புவதற்கு உறுதிமொழிச் சீட்டுகளும் இருந்தன. ஒரு கோடிப் பேர் இதே வாக்கைத் தந்தால் நானும் இந்த மொழியைக் கற்கிறேன் என்று அதில் கையெழுத்திட வேண்டும். அந்தக் கோடிப் பேர் வரவில்லை. ஆனால் அவர்களுக்காகக் காத்திராமல் பலர் கற்கத் தொடங்கிவிட்டார்கள்.

கற்க எளிது என்பதுதான் அன்று இந்த மொழிக்குக் கிடைத்த விளம்பரம்; இன்றும் அதுதான். இரண்டு மணி நேரத்துக்கு மேல் செலவிடாமலே தம்மால் இதைத் தடையின்றி வாசிக்க முடிந்தது என்று தல்ஸ்தோய் எழுதினார். அதை நம்பலாம். ஆனால் அவருக்குப் பிரெஞ்சும் ஜெர்மனும் இளமையிலேயே தெரியும். கிரேக்கத்தை நடுவயதில் தாமாகவே கற்றவர். அவர் வாங்கிய அகராதியில் பாதிச் சொற்கள் அவருக்கு முன்பே அறிமுகமானவை. அதோடு, அவர் பேசியது வாசிப்பைப் பற்றி. தண்ணீர் கொதிக்க வைக்கவும், தலை வாரவும், அடுத்த வீட்டாரோடு பேசவும் அந்த இரண்டு மணி நேரம் போதுமா என்பது வேறு கேள்வி. இந்தக் கட்டுரை எடுத்துக்கொள்வது அந்தக் கேள்வியைத்தான்.

செயற்கை மொழிகளைப் பற்றிப் பேசுவோர் விதிகளை எண்ணுகிறார்கள், சொற்களை எண்ணுகிறார்கள். 16 விதி, 120 சொல், 850 சொல் என்றெல்லாம் அட்டையில் அச்சாகிறது. இந்த எண்கள் கற்பவருக்குச் சொல்வது மிகக் குறைவு. இலக்கணப் பட்டியலிலிருந்து இறக்கி வைக்கப்பட்ட சுமை மறைந்துபோவதில்லை. சொற்களுக்குள் போய்த் தங்கிவிடுகிறது. சொற்பட்டியலைச் சுருக்கினாலோ அது சொற்சேர்க்கைக்குள் போய்விடுகிறது. நூற்றாண்டுக் கணக்கான முயற்சிகளைப் பார்த்தால் இதுதான் திரும்பத் திரும்பத் தென்படுகிறது.

நமக்குக் கிடைக்கும் மிகப் பழைய சான்று விசித்திரமானது. 12ஆம் நூற்றாண்டில் பிங்கென் நகரத்து ஹில்டெகார்ட் என்னும் ஜெர்மானியத் துறவி, 'அறியா மொழி' என்று பொருள்படும் லத்தீன் பெயரில் ஆயிரத்துச் சொச்சம் பெயர்ச்சொற்களைப் படைத்தார். கடவுளிலும் தேவதூதரிலும் தொடங்கி உறவுமுறை, உடலுறுப்பு, நோய், கருவி, ஆடை, மரஞ்செடி, பறவை என்று இறங்கிப் பூச்சிகளில் முடியும் பட்டியல் அது. அன்றாட வாழ்வுக்கு வேண்டிய சொற்கள் அதில் நிறைந்து கிடக்கின்றன. தனி இலக்கணம் மட்டும் இல்லை. அந்த மொழியில் அமைந்ததாக நமக்குக் கிடைத்த ஒரே சிறு பகுதி, ஐந்து புதுச்சொற்கள் பதிந்த லத்தீன் உரைதான். பட்டியல் எண்ணூறு ஆண்டுகளுக்கு மேலாக இருக்கிறது. பேசியவர் யாரும் இல்லை.

ஐந்து நூற்றாண்டு கழித்து இங்கிலாந்தில் ஜான் வில்கின்ஸ் நேர் எதிர்த் திசையில் போனார். 1668இல் வெளிவந்த அவருடைய பெருநூல் உலகப் பொருள்கள் அனைத்தையும் 40 பேரினங்களாகப் பிரித்தது. பொருள் எந்த இனம், எந்த உட்பிரிவு என்பதை எழுத்துக்கு எழுத்து சொல்லே காட்டும். 'டெ' என்றால் பூதம். 'டெப்' என்றால் பூதங்களில் முதலாவதான தீ. 'டெபா' என்றால் தீயின் ஒரு பகுதியான சுடர். சொல்லைத் தெரிந்துகொண்டால் பொருளையும் தெரிந்துகொண்டாயிற்று என்பது நம்பிக்கை. மனப்பாடமே வேண்டாத மொழி என்று தோன்றும். நடைமுறையில் இது மனப்பாடத்தை இரட்டிப்பாக்கியது. சொல்லைக் கற்கும்முன் பிரபஞ்சத்தின் வகைப்பாட்டையே கற்றாக வேண்டும். அதைவிடப் பெரிய குறை காதில் விழுவது: நெருங்கிய பொருள்களுக்கு நெருங்கிய ஒலி. அரிசி, பருப்பு, உளுந்து, கொள்ளு என்பவை ஒன்றோடொன்று ஒலியில் ஒட்டாமல் இருப்பதால்தான் கடைச் சந்தடியிலும் தவறாமல் கேட்கின்றன. வில்கின்ஸ் மொழியில் ஓர் எழுத்து பிசகினால் ஒரு செடி இன்னொரு செடியாகிவிடும். அவருடைய நூலிலேயே டியூலிப் பூவுக்கான சொல் இருக்க வேண்டிய இடத்தில் பார்லிக்கான சொல் விழுந்திருப்பதை உம்பெர்த்தோ எக்கோ எடுத்துக்காட்டினார். மொழியாக அது எடுபடவில்லை. ஆனால் அதன் வகைப்பாட்டிலிருந்து தூண்டுதல் பெற்றே ரோஜெட் 1852இல் தம் புகழ்பெற்ற ஆங்கிலச் சொற்களஞ்சியத்தை வெளியிட்டார்.

19ஆம் நூற்றாண்டில் பிரான்சின் சூத்ர், ஏழு இசைச்சுரங்களின் பெயர்களை மட்டும் அசைகளாகக் கொண்டு சோல்ரெசோல் என்ற மொழியைக் கட்டினார். சொல்லைத் திருப்பிப் போட்டால் எதிர்ச்சொல்: 'மிசோல்' நன்மை, 'சோல்மி' தீமை. தாளில் பார்த்தால் அழகு. வேகமாகப் பேசும்போது எது முன், எது பின் என்று காதும் நாவும் தடுமாறும். 'பாகுபலி' படத்துக்காக மதன் கார்க்கி உருவாக்கிய கிளிக்கியிலும் இதன் சாயல் உண்டு. 'மின்' என்றால் நான், 'நிம்' என்றால் நீ. 2015இல் படம் வந்தபோது சுமார் 750 சொற்களும் 40 இலக்கண விதிகளும் கொண்டதாக அது அறிமுகமானது. திரையில் காலகேயர் வாயில் அச்சமூட்டும் ஒலியாக அமைய வேண்டும் என்பது அதன் முதல் தேவை. அதை அந்த மொழி சிறப்பாகவே நிறைவேற்றியது. 2020இல் தனி எழுத்துருவோடு பொதுமக்கள் கற்பதற்காகவும் வெளியிடப்பட்டது. போர்க்களத்துக்குப் பிறந்த மொழி அடுக்களைக்குள் வருவது எவ்வளவு கடினம் என்பதைக் கிளிங்கான் பற்றிப் பேசும்போது பார்ப்போம்.

பெருந்திரளானோர் கற்ற முதல் செயற்கை மொழி எஸ்பெராந்தோ அல்ல, வோலாப்யூக். பாடன் பகுதிக் கத்தோலிக்கப் பாதிரியார் ஷ்லையர் 1879–80இல் வெளியிட்டார். ஐரோப்பா முழுவதும் சங்கங்கள் தோன்றின. 1884, 1887, 1889 ஆகிய ஆண்டுகளில் மாநாடுகள் நடந்தன. அதன் சொற்கள் பெரும்பாலும் ஆங்கிலத்திலிருந்து எடுத்து அடையாளம் தெரியாதபடி நறுக்கப்பட்டவை. மொழியின் பெயரிலேயே 'வோல்' என்பது உலகத்துக்கான ஆங்கிலச் சொல்லின் மிச்சம், 'ப்யூக்' என்பது பேச்சுக்கான சொல்லின் மிச்சம். ஆங்கிலம் அறிந்தவருக்குக்கூட அகராதியைப் புதிதாகக் கற்க வேண்டியிருந்தது. வினைச்சொல்லுக்கு முன்னும் பின்னும் ஒட்டுகள் அடுக்கடுக்காக வந்தன. ஒழுங்கான மொழிதான்; விதிவிலக்கு இல்லாத மொழிதான். ஆனாலும் பேசுவோர் தடுமாறினார்கள். எளிமைப்படுத்த வேண்டும் என்று இயக்கத்தின் முன்னணியில் இருந்த கெர்க்காஃப்ஸ் வாதாடியபோது, இறுதிச் சொல் தம்முடையதே என்று ஷ்லையர் நின்றார். இயக்கம் உடைந்தது. நியூரம்பெர்க் நகரத்து வோலாப்யூக் சங்கம் 1888இல் அப்படியே எஸ்பெராந்தோவுக்கு மாறி, உலகின் முதல் எஸ்பெராந்தோ சங்கமாயிற்று. ஒழுங்கு இருந்தால் மட்டும் எளிமை வந்துவிடாது என்பதை அங்கே இருந்தவர்கள் அனுபவத்தில் கண்டார்கள்.

சாமென்ஹோஃப் செய்ததை விரிவாகவே பார்க்க வேண்டும். ஏனென்றால் இந்தக் கேள்வியின் முழு வடிவமும் அங்கேதான் தெரிகிறது. பெயர்ச்சொல் எல்லாம் 'ஓ'வில் முடியும், பெயரடை 'ஆ'வில், வினையடை 'ஏ'யில். நிகழ்காலத்துக்கு 'ஆஸ்', இறந்தகாலத்துக்கு 'ஈஸ்', எதிர்காலத்துக்கு 'ஓஸ்'. திணை, பால், இடம் எதற்கும் வினை மாறாது. இவற்றை ஒரு மாலைப்பொழுதில் கற்றுவிடலாம். அடுத்து ஒட்டுகள். 'சானா' என்றால் நலமான. 'மல்' என்ற எதிர்மறை முன்னொட்டைச் சேர்த்தால் 'மல்சானா', நோயுற்ற. ஆளைக் குறிக்கும் 'உல்' சேர்த்தால் 'மல்சானூலோ', நோயாளி. இடத்தைக் குறிக்கும் 'எய்' சேர்த்தால் 'மல்சானுலேயோ', மருத்துவமனை. ஒரு வேரிலிருந்து நான்கு சொல் பிறந்துவிட்டது. 'லெர்னி' என்றால் கற்க. 'லெர்னேயோ' என்றால் பள்ளி. கற்பவருக்கு இது தரும் மகிழ்ச்சி உண்மையானது. தானே சொல்லைப் படைத்துப் பேசலாம், கேட்பவருக்கும் புரியும்.

இப்போது தலை வாரப் போவோம். 'கொம்பி' என்றால் வார. கருவியைக் குறிக்கும் 'இல்' ஒட்டைச் சேர்த்தால் 'கொம்பீலோ', சீப்பு. சரி. தூரிகைபோலத் தேய்க்கும் பிரஷ்ஷுக்கு என்ன சொல்? 'ப்ரோசோ'. அதை வினையாக்கினால் 'ப்ரோசி', பிரஷ்ஷால் தேய்க்க. இங்கே 'இல்' வராது. ஏன்? 'கொம்ப்' என்ற வேர் செயலைக் குறிப்பது; 'ப்ரோஸ்' என்ற வேர் பொருளைக் குறிப்பது. எந்த வேர் எந்த வகை என்பது 16 விதிகளில் எங்கும் சொல்லப்படவில்லை. ஒவ்வொரு வேரோடும் சேர்த்து அதன் வகையையும் நினைவில் வைத்தாக வேண்டும். 'கொம்போ' என்று சொன்னால் அது சீப்பு ஆகாது, வாரும் செயலாகிவிடும்.

அடுக்களையிலும் இதே கதை. 'போலி' என்றால் கொதிக்க. தண்ணீர் கொதிக்கிறது என்று சொல்லலாம்; நான் தண்ணீரைக் கொதிக்கிறேன் என்று சொல்ல முடியாது. பிறவினை ஒட்டான 'இக்' சேர்த்துப் 'போலீகி' என்றால்தான் கொதிக்க வைக்க. அதே சமயம் 'குய்ரி', சமைக்க, என்பது எடுத்த எடுப்பிலேயே செயப்படுபொருள் குன்றாவினை. 'கொமென்சி' என்றால் ஒன்றைத் தொடங்க. கூட்டம் தானாகத் தொடங்கியது என்று சொல்ல 'இஜ்' என்ற இன்னோர் ஒட்டு வேண்டும். எந்த வினை எந்தப் பக்கம் என்பதை வினை வினையாகத்தான் கற்க வேண்டும். பல ஆண்டு பேசியவர்களும் இங்கே பிசகுவார்கள். எஸ்பெராந்தோவின் விரிவான இலக்கண நூல்கள் பல நூறு பக்கம் ஓடுவதற்கு இதுவும் ஒரு காரணம். சாமென்ஹோஃப் 16 விதியில் முடித்ததாகச் சொல்லப்படும் இலக்கணத்தைக் கலோச்சாய், வரெங்கியென் இருவரும் 1930களில் ஒரு தடித்த நூலாகவே எழுத வேண்டியிருந்தது.

இந்தக் குறையை நீக்கத்தான் 1907இல் எஸ்பெராந்தோவைத் திருத்தி அமைத்த இடோ என்ற மொழி பிறந்தது. பிரெஞ்சுத் தத்துவ அறிஞர் லூயி குத்தூரா, சொல்லாக்கம் முன்னும் பின்னும் ஒரே பாதையில் போய்வர வேண்டும் என்றார். எஸ்பெராந்தோவில் 'க்ரோனோ' மகுடம். 'க்ரோனி' மகுடம் சூட்ட. அந்த வினையிலிருந்து மறுபடி பெயர் ஆக்கினால் மகுடம் சூட்டும் செயல் வர வேண்டும். வருவதோ மறுபடி மகுடம். ஆகவே இடோவில் ஒரு பொருளைச் சூட்டுவதற்குத் தனி ஒட்டு, செயலுக்குத் தனி வழி என்று வகுத்தார்கள். தர்க்கம் நேரானது. ஆனால் பேச விரும்புகிறவர் ஒவ்வொரு முறையும் எந்த ஒட்டு என்று தேர வேண்டியதாயிற்று. சொல்லுக்குள் இருந்த பாரம் மறுபடி இலக்கணத்துக்கு வந்து சேர்ந்தது. இடோ அழிந்துவிடவில்லை, ஆனால் எஸ்பெராந்தோவின் பேச்சுலகத்தை அதனால் எட்ட முடியவில்லை. சீர்திருத்த ஆசை சாமென்ஹோஃபுக்கே இருந்தது. 1894இல் அவரே இரண்டாம் வேற்றுமை உருபை நீக்குவது உள்ளிட்ட மாற்றங்களை முன்வைத்தார். எஸ்பெராந்தோ இதழின் சந்தாதாரர்கள் வாக்களித்து மறுத்துவிட்டார்கள். அவரும் ஏற்றுக்கொண்டார். ஷ்லையரோடு ஒப்பிட்டால் இந்தப் பணிவின் பெருமை விளங்கும். எஸ்பெராந்தோ பிழைத்ததற்கு இதைவிடப் பெரிய காரணம் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

தமிழர் எஸ்பெராந்தோவைக் கற்றால் எது எளிது, எது கடினம்? ஐரோப்பியர் அஞ்சும் பல இடங்களை நாம் சுலபமாகக் கடப்போம். அவர்களுக்குத் தொல்லை தரும் 'ன்' என்ற வேற்றுமை உருபு நம் 'ஐ'தான். ஒட்டுமேல் ஒட்டு அடுக்குவது நமக்கு மூச்சுவிடுவதுபோல. செய்விக்கப்படாததால் என்று ஒரே சொல்லில் சொல்லிப் பழகியவர்கள் நாம். போலி–போலீகி நமக்குக் கொதி–கொதிக்க வை. தன்வினை பிறவினை வேறுபாடு பள்ளியிலேயே படித்தது. ஐரோப்பியர் உருப்போட்டுப் படிக்கும் 45 சொல் அட்டவணை ஒன்று உண்டு. ஐந்து தொடக்கம், ஒன்பது முடிவு. 'கியாம்' எப்போது, 'தியாம்' அப்போது. 'கீயே' எங்கே, 'தீயே' அங்கே. 'கீயோம்' எவ்வளவு, 'தீயோம்' அவ்வளவு. சுட்டெழுத்தும் வினாவெழுத்தும் அறிந்தவருக்கு இதில் புதிது ஒன்றும் இல்லை. நம் 'இ'கரச் சுட்டுக்கு மட்டும் 'சீ' என்ற தனிச்சொல்லைச் சேர்க்க வேண்டும்.

கடினம் வருவது சொல்லில். வேர்கள் பெரும்பாலும் லத்தீன், பிரெஞ்சு, ஜெர்மன், ஸ்லாவிய மொழிகளிலிருந்து வந்தவை. தல்ஸ்தோய்க்கு இலவசமாகக் கிடைத்ததை நாம் விலை கொடுத்து வாங்க வேண்டும். ஆங்கிலம் அறிந்தவர்க்கு 'லாம்போ', 'பிர்தோ', 'வர்மா' போன்ற சில தள்ளுபடிகள் உண்டு. 'ஸ்த்ர', 'க்ன', 'ஸ்ச' போன்ற மெய்ம்மயக்கங்களை இடையில் உயிர் நுழைக்காமல் சொல்லப் பயிற்சி வேண்டும். அதைவிட ஆழமான சிக்கல், வாழ்க்கையைச் சொல் பிரித்து வைத்திருக்கும் முறை. நெல், அரிசி, சோறு மூன்றுக்கும் எஸ்பெராந்தோவில் 'ரீசோ' என்ற ஒரே வேர். அண்ணனும் தம்பியும் 'ஃப்ராதோ'. மாமா, சித்தப்பா, பெரியப்பா எல்லாரும் 'ஓங்க்லோ'. நீயும் நீங்களும் 'வீ'. அடைமொழி சேர்த்து வேறுபடுத்தலாம்தான். வயதில் மூத்த சகோதரன், சமைத்த அரிசி என்று. ஆனால் ஒரு தமிழ்க் குடும்பத்தின் அரைமணி நேரப் பேச்சை அப்படியே சொல்லிப் பார்த்தால், 16 விதிகளில் எந்தக் குறையும் இல்லாமலே மொழி போதாமல் போவது தெரியும். தாய்க்குத் தனி வேர் இல்லாமல் தந்தையின் 'பத்ரோ'வோடு பெண்பால் ஒட்டுச் சேர்த்துப் 'பத்ரீனோ' என்று ஆக்கியிருப்பதும் இன்றுவரை விவாதத்துக்கு உரியதாகவே இருக்கிறது.

'மல்' ஒட்டும் அப்படித்தான். கெட்டது, சின்னது, மெதுவானது, கிழடானது எல்லாம் 'மல்' போட்டே பிறப்பதால் வேர்கள் மிச்சமாகின்றன. ஆனால் இடப்பக்கம் என்பதற்கு 'மல்தேக்ஸ்த்ரா', வலத்துக்கு எதிர், என்று சொல்ல வேண்டும். வண்டி ஓட்டுகிறவரிடம் அவசரமாகக் கத்தும்போது முதல் அசை காதில் விழாமல் போனால் என்ன ஆகும்? கவிஞர்கள் 'மல்' ஒலியின் சலிப்பு தாங்காமல் குட்டையான புதுவேர்களைக் கொண்டுவந்தார்கள். சுவிட்சர்லாந்தின் கிளோத் பிரோன் இதை வன்மையாக எதிர்த்தார், ஐ.நா.வில் மொழிபெயர்ப்பாளராக இருந்து பின் உளவியலாளர் ஆனவர் அவர். புதுவேர் ஒவ்வொன்றும் சீனத்திலோ ஜப்பானிலோ கற்பவர் தலையில் ஏறும் கூடுதல் சுமை என்பது அவர் வாதம். நான் பிரோன் பக்கம். ஐரோப்பியக் கவிஞருக்குக் கிடைக்கும் ஓசை நயத்துக்காக ஆசியாவில் கற்பவர் ஏன் இரண்டு மடங்கு உழைக்க வேண்டும்?

சொல்லின் எண்ணிக்கையையே குறைத்துவிட்டால் என்ன என்று கேட்டவர்களும் உண்டு. 1930இல் ஓக்டென் 850 சொற்களில் அடங்கும் 'அடிப்படை ஆங்கில'த்தை வெளியிட்டார். அதில் வினைகள் 18 மட்டுமே. மீதி வினைகளை அந்தப் பதினெட்டோடு 'அப்', 'அவுட்', 'வித்' போன்ற சிறுசொற்களைச் சேர்த்துச் சொல்ல வேண்டும். 'புட்' தெரியும், 'அப்' தெரியும், 'வித்' தெரியும். மூன்றும் சேர்ந்தால் பொறுத்துக்கொள் என்று பொருள் என்பதை எந்தச் சொல்லிலிருந்தும் ஊகிக்க முடியாது. ஆங்கிலம் தாய்மொழியானவருக்கு அது 850 சொல். நமக்கு அது ஆயிரக்கணக்கான சேர்க்கை.

2001இல் கனடாவின் சோன்யா லாங் உருவாக்கிய டோகி போனா இதை இன்னும் துணிவாகச் செய்தது. 2014இல் வந்த அதன் நூலில் 120 சொற்கள், 14 ஒலிகள். 'தேலோ' நீர், 'தோமோ' வீடு, 'யான்' ஆள், 'போனா' நல்ல. 'யான் போனா' நண்பர். 'தோமோ தேலோ' குளியலறை. 'நாசா' என்றால் விசித்திரமான. 'தேலோ நாசா' என்றால் மது. சில வாரத்தில் அகராதி முழுவதும் மனத்தில் நின்றுவிடும். அதன்பின்தான் உண்மையான படிப்பு தொடங்குகிறது. காப்பியை எப்படிச் சொல்வது? ஒருவர் கறுப்பு நீர் என்பார், ஒருவர் விழிப்பூட்டும் நீர் என்பார். எதிரே இருப்பவர் எதைப் பார்த்துப் பேசுகிறார் என்பதை இருவரும் சேர்ந்து தேட வேண்டும். டோகி போனாவை நான் குறைத்துச் சொல்லவில்லை. எண்ணத்தைப் பொடித்துப் பார்க்கும் பயிற்சியாக அதற்கு நிகர் இல்லை என்றே நினைக்கிறேன். ஆனால் அதை உலகின் மிக எளிய மொழி என்று விற்பது பொருந்தாது.

தர்க்கத்துக்காகக் கட்டப்பட்ட லோஜ்பான் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 1955இல் ஜேம்ஸ் குக் பிரவுன் தொடங்கிய லோக்லானிலிருந்து 1987இல் பிரிந்தது. வேர்ச்சொற்கள் சீனம், இந்தி, ஆங்கிலம், ரஷ்யம், ஸ்பானியம், அரபு ஆறையும் கணினியால் கலந்து எடுத்தவை. கலவையில் எந்த மொழிக்காரருக்கும் தம் சொல் அடையாளம் தெரியவில்லை. 'க்லாமா', போதல் அல்லது வருதல், என்ற ஒரு சொல்லுக்கு ஐந்து இடங்கள் உண்டு: போகிறவர், சேருமிடம், புறப்பட்ட இடம், வழி, வாகனம். எந்த இடத்தில் எது என்பதை வேர் வேராக, சுமார் 1,300 வேர்களுக்கும் நினைவில் கொள்ள வேண்டும். பொருள்மயக்கத்தை ஒழித்த மொழி அதற்கு வாங்கும் விலை இது.

கதைக்காகப் பிறந்த மொழிகளில் நிலைமை தலைகீழ். அங்கே எளிமை நோக்கமே அல்ல. கலிபோர்னியப் பழங்குடி மொழிகளை ஆய்ந்த மார்க் ஓக்ராண்ட் 1984இல் வந்த 'ஸ்டார் ட்ரெக்' படத்துக்காகக் கிளிங்கானை உருவாக்கும்போது வேண்டுமென்றே மனித மொழிகளில் அரிதானவற்றைத் தேர்ந்தார். செயப்படுபொருள் முதலில், பயனிலை நடுவில், எழுவாய் கடைசியில். 1985இல் அகராதி வந்தது. விண்கலத்தின் பாகங்களுக்கும் போருக்கும் சொல் இருந்தது. வணக்கம் சொல்லச் சொல் இல்லை; ஒருவரைக் கண்டதும் கேட்பது 'என்ன வேண்டும்?' என்றுதான். அமெரிக்காவில் மொழியியல் படித்த ஒரு தந்தை தம் மகனிடம் முதல் மூன்று ஆண்டுகள் கிளிங்கானிலேயே பேசிப் பார்த்தார். இலக்கணம் எங்கும் தடையாகவில்லை. வீட்டில் புழங்கும் பல பொருள்களுக்குச் சொல் இல்லாததுதான் தடையாயிற்று. குழந்தைக்கும் ஆர்வம் போய்விட, முயற்சி நின்றது. 1992இல் நிறுவப்பட்ட கிளிங்கான் மொழிக் கழகத்தின் உறுப்பினர்கள் இன்றும் தங்களுக்கு வேண்டிய சொற்களைப் பட்டியலிட்டு ஓக்ராண்டிடம் கொடுக்கிறார்கள். அவர் தருவதையே ஏற்கிறார்கள். ஷேக்ஸ்பியரின் 'ஹாம்லெட்' முழுவதையும் கிளிங்கானுக்குக் கொண்டுவந்த சமூகம் தானாக ஒரு வீட்டுப்பொருளுக்குப் பெயரிட ஒப்பவில்லை என்பது வியப்பாக இருக்கலாம். அவர்கள் கற்பது ஒரு கற்பனை உலகத்தின் உண்மையை. அதில் கைவைக்க அவர்களுக்கு மனம் இல்லை. டோல்கியனின் க்வென்யாவைக் கற்பவர்க்கு அந்த வழியும் இல்லை. 1973இல் அவர் மறைந்தபின் கேட்க ஆள் இல்லை. வாழ்நாள் முழுவதும் அவரே மாற்றி மாற்றி எழுதிய குறிப்புகளிலிருந்து விடுபட்டதை ஊகித்து நிரப்ப வேண்டும். 'அவதார்' படத்துக்கு நாவி மொழியை அமைத்த பால் ஃப்ரோமர் ரசிகர்களின் பரிந்துரைகளைக் கேட்டுச் சொற்களைச் சேர்த்தார். இடைப்பட்ட வழி என்று இதைச் சொல்லலாம்.

எஸ்பெராந்தோவில் சொல் பிறக்கும் விதம் இவை எல்லாவற்றிலிருந்தும் வேறு. கணினி வந்தபோது 'கொம்புதேரோ', 'கொம்புதோரோ', 'கொம்புதீலோ' என்று பல வடிவங்கள் சேர்ந்து புழங்கின. யாரும் ஆணையிடவில்லை, கருவி ஒட்டோடு அமைந்த 'கொம்புதீலோ' பேச்சில் வென்றது. கம்ப்யூட்டர், கணிப்பொறி, கணினி என்று நாம் கடந்துவந்த பாதையும் ஏறக்குறைய இதுதான். எஸ்பெராந்தோக்காரர்கள் கூடிய இடத்தில் தாய்மொழியில் பேசிக்கொண்டிருப்பதற்கு 'க்ரொகொதீலி' என்று ஒரு சொல் இருக்கிறது. முதலை என்ற சொல்லிலிருந்து வந்த வினை. இளைஞர்கள் எதையாவது அருமை என்று பாராட்டும்போது 'மொயோசா' என்பார்கள். நவீன, இளமைப் பாணியிலான என்று பொருள்படும் தொடரின் முதலெழுத்துகளிலிருந்து பிறந்தது. இவை எதுவும் 900 வேர்களில் இல்லை. இன்றைய பேரகராதியில் 16,000க்கு மேற்பட்ட பதிவுகள் உள்ளன. 1905இல் பூலோன் நகரில் முதல் உலக மாநாடு கூடி, 16 விதிகள் அடங்கிய அடிப்படை நூலை யாரும் மாற்றக் கூடாது என்று பூட்டி வைத்தது. அந்தப் பூட்டு இலக்கணத்தைக் காத்தது. சொல்லோ பேசுவோர் கையில் விடப்பட்டது.

கற்பித்தலைப் பற்றிய ஆய்வுகளும் உண்டு. ஜெர்மனியின் பாடர்போர்னில் ஹெல்மார் ஃப்ராங்க் குழுவினர், முதலில் எஸ்பெராந்தோ கற்ற குழந்தைகள் அடுத்த அயல்மொழியை விரைவாகக் கற்கிறார்கள் என்று காட்ட முயன்றார்கள். சிறு குழுக்கள், ஆர்வம் மிகுந்த ஆசிரியர்கள். ஆகவே அந்த முடிவுகளை அப்படியே எடுத்துக்கொள்ளத் தயக்கம் வருகிறது. இன்னும் உறுதியானது 2025இல் வெளிவந்த எம்ஐடி ஆய்வு. எஸ்பெராந்தோ, கிளிங்கான், நாவி, தொலைக்காட்சித் தொடருக்காக உருவான ஹை வலிரியன், டோத்ராகி பேசும் 44 பேரின் மூளையைப் படம்பிடித்தபோது, இயற்கை மொழிக்கு இயங்கும் அதே பகுதிகளே இவற்றுக்கும் இயங்கின. கணினி நிரல் மொழிகளுக்கு அப்படி இயங்குவதில்லை என்பது முன்பே தெரிந்தது. யார் படைத்தது, எத்தனை ஆண்டுப் பழமை என்பதையெல்லாம் மூளை பொருட்படுத்தவில்லை.

ஆகவே கற்கும் முறையும் வேறு எந்த மொழிக்கும் உள்ள முறைதான். 2015இல் டுவோலிங்கோவில் எஸ்பெராந்தோ வந்தது. 2018இல் கிளிங்கானும் சேர்ந்தது. நுழைவாயிலாக அவை நன்று. ஆனால் விதிகளை ஒப்பித்துவிட்டு அகராதியைப் புரட்டுகிறவர் சீப்புக்கும் பிரஷ்ஷுக்கும் நடுவில் சிக்கிக்கொள்வார். சாமென்ஹோஃபே இதை அறிந்திருந்தார். அடிப்படை நூலின் ஒரு பகுதி முழுவதும் அவர் எழுதிய பயிற்சி வாக்கியங்கள். பிரோன் 1983இல் வெளியிட்ட 'கெர்தா மறைந்தாள்' என்ற துப்பறியும் கதை இன்னும் சிறந்த வழி. முதல் அத்தியாயத்தில் மிகச் சில சொற்கள். அடுத்தடுத்த அத்தியாயங்களில் கொஞ்சம் கொஞ்சமாக, வந்த சொல்லே திரும்பத் திரும்ப வரும்படி கட்டியிருக்கிறார். 'போலி'யா 'போலீகி'யா என்பதை அப்படிப்பட்ட வாக்கியங்கள் காதில் ஏற்றிவிடும். அதன்பின் ஆட்களோடு பேச வேண்டும். எஸ்பெராந்தோ பேசுவோர் வீட்டில் இலவசமாகத் தங்க உதவும் விருந்தோம்பல் வலையமைப்பு 1970களிலிருந்து இயங்குகிறது. அந்நிய வீட்டு அடுக்களையில் நின்று கரண்டியைக் கேட்டு வாங்கும்போது கற்கும் சொல் மறப்பதில்லை.

இந்த மொழியைத் தாய்மொழியாகப் பெற்று வளர்ந்தவர்களும் இருக்கிறார்கள். வெவ்வேறு நாட்டுப் பெற்றோர் வீட்டில் எஸ்பெராந்தோவிலேயே பேசியதால் அமைந்தது. 2001இல் பெஞ்சமின் பெர்கன் அத்தகைய குழந்தைகள் சிலரின் பேச்சை ஆராய்ந்தார். எழுவாய், வினை, செயப்படுபொருள் என்ற வரிசை அவர்களிடம் இறுகியிருந்தது. 1894இல் சந்தாதாரர்கள் வாக்களித்துக் காப்பாற்றிய 'ன்' உருபைச் சிலர் பல இடங்களில் விட்டுவிட்டார்கள்.